சிசிலிச் சம்பந்தியும் உறைப்பும்

டூங்கபி ஸ்டேஷனில் ரயில் ஏறிய இரண்டு தமிழ் அன்ரிமார் எனக்கு எதிரே அமர்ந்தார்கள்.

“சிசிலி மொழியில ஒரு சொல்லுக்குப் பின்னால ‘இயாரி’ ஒட்டினால் கனக்க வினைச்சொல் ரெடி. ‘பாஸ்ஸு’ எண்டால் காலடி, ‘பாஸ்ஸியாரி’ எண்டால் உலாவுறது,” என்றார் பச்சைச் சட்டைக்காரர்.

“உங்களுக்கு ஏன் இந்தப் பாடு? மகளின்ர சிசிலி மாமியோட கதைக்க, மொழிபெயர்க்க மருமகன் இருக்கிறார்தானே?” என்றார் மற்றவர்.

“அவரோ? தாயின்ர சோஸுக்கு உறைப்புக் காணாது எண்டு நான் சொன்னால், அருமையெண்டு மாத்திச் சொல்லிப்போடுவார். போன கிழமை நானே அவவின்ர பாஷையில சொல்லிப்போட்டன்.”

“கோவிச்சவவோ?”

“ஓம், நல்லாக் கோவிச்சவ. பிறகு என்ர கையைப் பிடிச்சுக் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போய், மிளகாய்ப் போத்தலைத் தந்தவ.”