ஞாயிறு பதினோரு மணி அழைப்பு

ஒரு ஆளுக்குச் சாம்பார் வைப்பது சிரமம் சார். அளவு பிடிபடுவதே இல்லை. வியாழக்கிழமை வைத்தால் சனிக்கிழமை வரை அதே முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. சிதம்பரத்தில் என் வீட்டில் நான் மட்டும்தான். கடலூர் ஆபீசுக்கு பஸ்ஸில் போய் வருவேன். அங்கே என்னோடு சேர்த்து எட்டுப் பேர். எல்லோருக்கும் நான் மாமா. 'ஸ்ரீதர் சார்' என்று கூப்பிடுவது கூரியர்க்காரர் ஒருவர்தான்.

மீன்பிடிப் படகுகளுக்குக் காற்று எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. கட்டியது நான். ஒரே கணினி மொழியில் எழுதியிருக்கலாம், ஏழில் எழுதினேன். வானிலைத் தகவலை வாங்குவது ஜாவாவில், பிரிப்பது பைத்தானில், படகுக்கு அனுப்புவது எர்லாங்கில். புதிதாக எது வந்தாலும் ஒரு மூலையில் சொருகிவிடுவேன். மீட்டிங்கில் எதிர்காலத்துக்கு நல்லது என்பேன். யாரும் மறுத்ததில்லை, யாருக்கும் புரிந்ததுமில்லை. ஏழும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எது நின்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறுதான் நீளம். அதனால் ஞாயிறு பதினோரு மணிக்கு ஏழில் ஒன்று தானாக நிற்கும்படி செய்துவைத்தேன். சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். ஆபீசில் இரண்டிரண்டு பேர் ஞாயிறு முறை பார்ப்பார்கள். "மாமா, மறுபடி நின்னுபோச்சு. நீங்க இல்லன்னா நாங்க எங்க போறது" என்பார்கள். சரிசெய்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவர்களும் கேட்பார்கள்.

இலக்கியா குறிஞ்சிப்பாடிப் பெண். சேர்ந்த நாலாம் மாதம் ஏழு பெயரையும் ஒரு தாளில் எழுதி என் முன் வைத்தாள்.

"எட்டுப் பேருக்கு ஏழு மொழியா மாமா? நீங்க ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா படகுக்காரவுங்க என்னா பண்ணுவாங்க?"

"நான் படுக்க மாட்டேம்மா."

"எல்லாத்தயும் ஒண்ணாக்கிடுறேன். ஞாயித்துக்கெழமயாவது உங்கள நிம்மதியா உடுவோம்."

எனக்காகத்தான் செய்தாள் சார். ஒவ்வொன்றாக மாற்றினாள். ஆறு முடிந்தது. மூன்று ஞாயிறு போன் வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று கீழே மளிகைக் கடைக்காரரை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது.

மிச்சம் இருந்தது படகுக்குச் செய்தி அனுப்பும் பாகம். நாலாம் ஞாயிறு பதினொன்றுக்கு வீட்டிலிருந்தே அதை நிறுத்தினேன். முறை இலக்கியாவுக்கும் வித்யாவுக்கும். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்கு டிவியில் காற்று எச்சரிக்கை ஓடியது. கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும் என்று. எங்கள் படகுகளுக்கு அது போகாது என்று எனக்குத் தெரியும். இனிக் கட்டாயம் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். தொண்டையைக்கூடச் செருமி வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. வித்யா எனக்குப் போன் போடலாம் என்றிருக்கிறாள். இலக்கியாதான் தடுத்தாளாம். "மாமா இன்னிக்கி ஒரு நாளாவது தூங்கட்டும்டி. இதோ முடிஞ்சிடும்." அவளுக்கு அந்த மொழி தெரியாது. மூன்றேகாலுக்குத்தான் செய்தி போனது. அதற்குள் எழிலன் என்பவரின் படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன மச்சான் நீந்தி வந்தார். எழிலன் வரவில்லை.

இலக்கியா, தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். ஆறுதல் சொல்ல நான்தான் போனேன். "உங்கள கூப்புட்டிருக்கணும் மாமா" என்று அழுதாள். ஆமாம்மா என்றேன்.

நிறுத்தியது நான். தெரிந்தே நிறுத்தினேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். நாலு மணி நேரம் போனைவிட்டு நகரவில்லை சார், குளிக்கக்கூடப் போகவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பேன். ஒரு உயிர் விஷயம், அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லையே.