வலி சொல்லப் போற பொன்னியம்மா

குன்றத்தூர் முருகன் மேல சத்தியமா சார், ஒரு வார்த்த பொய் இல்ல! மணி ரெண்டாவுது, இன்னும் சோறு துன்னல நானு. இன்னாத்துக்கு? உள்ள டாக்டராண்ட பேசிக்கினு கீறா பாருங்க, அது என் சம்சாரம், பொன்னியம்மா. நோவு அவளுக்கில்ல சார்! பக்கத்து வூட்டு அருள்மேரிக்கு. நோவு அந்தம்மாவுக்கு, பேசறது இவ!

நீங்க பிளாட் வாங்கி புதுசா குடி வந்தவரு, தெரியாது. முடிச்சூர்ல எவனுக்கு வலி வந்தாலும் இவளத்தான் இட்டுக்கினு வருவான். "எப்படி வலிக்குது?"ன்னு டாக்டர் கேட்டா நம்மாளு இன்னா சொல்லுவான்? தலைய சொறிஞ்சிக்கினு, "வலிக்குது சார்"ம்பான். இவ சொல்லுவா. குப்பன் இடுப்ப புடிச்சிக்கினு வந்தப்போ, "எலக்ட்ரிக் ட்ரெயினாட்டம் தாம்பரத்துல ஏறி, சானடோரியம் நிக்காம, குரோம்பேட்டைல எறங்குது டாக்டர்"னா. இடுப்புலேர்ந்து முழங்கால் சார்! டாக்டர் தன் இடுப்ப புடிச்சிக்கினே மருந்து எழுதுனாரு. ரத்தினத்தோட தலவலிய, "உளுந்து போடாத ஆட்டுக்கல்லு சுத்துது"ன்னா... கேட்டுக்கினு இருந்த கம்பவுண்டர் தலைய புடிச்சிக்கினு லீவு போட்டுட்டான். சிரிக்காதீங்க, அவனையே கேளுங்க!

அப்பேர்ப்பட்டவளுக்கு, போன ஆடில, அவளுக்கே வவுத்து வலி. உள்ள அதே ரூம்ல ஒக்காந்தா. டாக்டர் ஆசையா பேனாவ மூடி வெச்சிட்டு, "சொல்லு பொன்னியம்மா"ன்னாரு.

"வலிக்குது சார்"னா.

"குத்துதா? எரியுதா? பிசையுதா?"

"வலிக்குது சார்."

அவ்ளோதான். என் மூஞ்சியப் பாக்கறா, நீயாச்சும் சொல்லேன்னு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ பேச்சையே கேட்டுக்கினு கீறவன் சார் நானு... ஒரு வார்த்த வரல.

டாக்டர் எழுந்துட்டாரு. தொட்டுக்கூட பாக்கல. "பொன்னியம்மாவுக்கே வார்த்தை வரலன்னா இது என் கிளினிக்ல பாக்குற வலி இல்ல. ஓடு, ஆட்டோ புடி!"ன்னாரு. பெரியாஸ்பத்திரில தொறந்து பாத்தா குடல்வாலு வெடிக்கற பதத்துல கீதாம். கொஞ்சம் லேட் ஆயிருந்தா... வேணாம், வுடுங்க.

இப்ப அவளக் கேளுங்க. "உள்ளார ஒருத்தி ஈரப் பொடவைய முறுக்கிப் புழியறான்னு சொன்னேன், டாக்டரே அழுதுட்டாரு"ம்பா. ஊரே நம்புது. நம்பட்டும் சார்! வெறும் "வலிக்குது"ன்னு சொன்னவள நாளைக்கு எவன் கூப்புடுவான்? பாவம், அப்புறம் பகல் பூரா எங்கிட்டதான பேசணும் அவ!

ஐயோ, வர்றா... யாராண்டயும் மூச்சு வுடாதீங்க. எவனாச்சும் கேட்டா, சம்பந்தம்னு ஒருத்தன நீங்க பாக்கவே இல்ல. இன்னா?