டீ டீயா வரட்டும்

டீயில் நான் தண்ணீர் கலப்பது உண்மைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து உங்கள் காதில் ஓதினால் நான் மறைத்ததுபோல ஆகிவிடும். பாலில் கலக்காதவன் பால்காரன் இல்லை, டீயில் கலக்காதவன் டீக்காரன் இல்லை. மற்றபடி நான் ஒழுங்கான ஆள். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கொளஞ்சியப்பன் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். கொஞ்சம் அதிகமாகவே சொல்வார்கள்.

ஐயா, உங்கள் விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். நேற்று பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாடி கம்பெனிச் சூளைக்குள் போன திங்கட்கிழமை இரண்டு உயிர் போனதற்கு யூனியன் வட்டாரச் செயலாளர் சனாவுல்லா பாய்தான் காரணமாம். ஆபத்து என்று தெரிந்தும் தொழிலாளிகளுக்கு எச்சரிக்கை செய்யவில்லையாம். முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டாராம், பாய் ஜெயிலுக்குப் போகப்போகிறாராம். எனக்குப் பொறுக்கவில்லை. பாய்மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பான சேதி ஊருக்குள் ஓடுவதை என்னால் சகிக்க முடியாது. என் பிறவிக் குணம் அது.

கதை நாலு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தொன்பதில் ஆரம்பிக்கிறது. ஜாடி கம்பெனி, கப்பு சாசர் கம்பெனி, பைப்பு கம்பெனி, பொம்மை கம்பெனி என்று நாலு கம்பெனிக்கும் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு போய் டீ ஊற்றுகிறவன் நான் ஒருவன்தான். நாலுக்கும் செயலாளர் சனாவுல்லா பாய் ஒருவர்தான். அவரும் ஒரு காலத்தில் சூளைக்குத் தீ போட்டவர். துளை வழியாக நெருப்பைப் பார்த்துப் பார்த்து இடது கண் பாதி போய்விட்டது. மீதிக் கண்ணால் சட்டப் புத்தகம் படித்துத் தலைவர் ஆனார். எதைச் சொன்னாலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத்தான் சொல்வார். வீட்டில் கமருன்னிசாம்மாவிடம் குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட ‘ஒன்று’ என்று தொடங்குவார் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்.

திங்கட்கிழமைதோறும் சாயந்திரம் நாலு மணிக்குக் கப்பு சாசர் கம்பெனி வாசலில் கூட்டம். என்ன கேட்டோம், முதலாளிகள் என்ன சொன்னார்கள், லீவு என்ன ஆச்சு, கண்ணுக்கு நீலக் கண்ணாடி என்ன ஆச்சு என்று பாய் வரிசையாகச் சொல்வார். அதில் ஒரு சிக்கல். தீ போடுகிறவர்கள் கூட்டத்துக்கு வர முடியாது. சூளை பற்றவைத்தால் இரண்டு பகல் இரண்டு இரவு, ஷிப்டுக்கு ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பஸ் டிரைவர்கூட வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றுக்குப் போகலாம். இவர்கள் நெருப்பைவிட்டுக் கண்ணை எடுத்தால் ஒரு சூளைச் சரக்கு கோணிப்போகும்.

அதனால் பாய் என்னைக் கூப்பிட்டார்.

“கொளஞ்சி, நீ எல்லா ஷெட்டுக்கும் போற. நான் கூட்டத்துல சொல்றத தீ போடுறவங்களுக்கும் உள்ள வேலையில இருக்கறவங்களுக்கும் சொல்லிடு. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது.”

“என்னா பாய், என்னப் பாத்தா கூட்டிச் சொல்ற ஆளு மாதிரியா இருக்குது?”

அவர் அந்த ஒரு கண்ணால் பார்த்தார்.

ஒன்று சொல்கிறேன், ஐயா. பாய் சொல்லும் சேதி வெறும் சோறு. அதை அப்படியே தின்ன முடியாது. நான் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். நீலக் கண்ணாடி அடுத்த மாசம் வரும் என்று பாய் சொன்னால், நான், “மொதலாளி கூலிங் கிளாஸ் வாங்க மெட்ராஸு போயிருக்காரு, மொதல்ல அவருக்குப் பொருந்துதான்னு பாக்கணுமாம்” என்பேன். சூளைக்கு முன்னால் வெந்துகொண்டிருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் “என்னா சேதி, என்னா சேதி” என்று நாலு கம்பெனியிலும் குரல் வரும். ஜாடி கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிற பழமலை என் கையைப் பிடித்து உட்காரவைப்பான். அவனுக்கு ஜாடி எடுத்துக் கொடுக்கும் தங்கம்மாள் மட்டும் வாய்க்கு வாய் திருப்பிக் கொடுப்பாள். “மணிமுத்தாத்துல தண்ணியே இல்லன்னு சொன்னாங்களே, கொளஞ்சியண்ணே, எல்லாம் உன் கேன்லதான் இருக்குதா?” என்பாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் அப்படித்தான்.

இந்த வருஷம் சித்திரையில் ஒரு சின்னப் பிசகு நடந்தது. ஷிப்டுக்கு இரண்டாவது ஆள் போடுவது பற்றி முதலாளிகள் யோசிக்கிறார்கள் என்று பாய் கூட்டத்தில் சொன்னார். யோசிக்கிறவர்கள் எப்படியும் சம்மதிப்பார்கள் என்று நான் சம்மதித்துவிட்டதாகவே சொன்னேன். நாலு கம்பெனி ஆட்களும் மறுநாள் காலையில் “இரண்டாவது ஆள் எங்கே” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளிகள் முறுக்கிக்கொண்டார்கள். பேச்சு முறிந்தது.

பாய் என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அடுத்த திங்கட்கிழமை, அறுபது பேர் கூட்டத்தில், நான் கேனோடு ஓரமாக நிற்கும்போது, சிரித்த முகத்தோடு சொன்னார்.

“இனிமே சேதி போர்டுல வரும். நானே வந்து எழுதுறேன். டீ டீயா வரட்டும்.”

அறுபது பேரும் சிரித்தார்கள். பழமலை கை தட்டினான்.

மறுநாளிலிருந்து ஷெட்டுக்கு ஷெட் கரும்பலகை. திங்கட்கிழமை காலையில் பாய் சுண்ணாம்புக்கட்டியோடு வந்து எண் போட்டு எழுதிவிட்டுப் போவார். நான் போனால் யாரும் சேதி கேட்பதில்லை. “சக்கர போட்டியா” என்கிறார்கள். குடித்துவிட்டு கிளாஸை நீட்டுகிறார்கள். உள்ளே உட்காரச் சொல்வதில்லை. வீட்டில் பெண்டாட்டிகூட, “என்னா, இப்பல்லாம் வூட்டுக்குச் சீக்கிரம் வந்துடுற” என்றாள். மூன்று மாசம் இப்படி வாழ்ந்து பார்த்தால்தான் ஐயாவுக்குத் தெரியும்.

ஜாடி கம்பெனியில் இரண்டு சூளை, புகைபோக்கி ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் புகை போகும் பாதையில் ஓர் இரும்புத் தகடு இறக்கியிருப்பார்கள். ஒன்றாம் சூளை எரியும்போது இரண்டாம் சூளைக்குள் ஆள் நின்று சரக்கு அடுக்கலாம், தகடு புகையைத் தடுத்துக்கொள்ளும். அந்தத் தகடு வெந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஆடி மாசம் வேறு. புகைபோக்கிக்குள் காற்று இறங்கினால் கரி எரிந்த விஷக்காற்று ஓட்டை வழியாக இரண்டாம் சூளைக்குள் திரும்பி வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பாய் முதலாளியிடம் சொன்னார். ஆவணியில் பார்க்கலாம் என்று முதலாளி சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை காலை பாய் போர்டில் மூன்று வரி எழுதினார். முதல் இரண்டும் லீவு, நீலக் கண்ணாடி. மூன்றாவது, தகடு ஓட்டை, ஒன்று எரிந்து முடியும்வரை இரண்டுக்குள் யாரும் இறங்கக் கூடாது. எழுதிவிட்டு, கடலூர் லேபர் ஆபீசுக்குப் போக பஸ் ஏற வந்தவர், ஜங்ஷன் ரோட்டில் என் சைக்கிளை நிறுத்தினார்.

“கொளஞ்சி, பழமலைக்கு எழுத்து தெரியாது. தங்கம்மாவுக்கும் தெரியாது. விருத்தகிரி படிப்பான், ஆனா அவன் ஒண்ணாம் சூளையில தீ போட்டுக்கிட்டு நிக்கிறான், போர்டுகிட்ட வரமாட்டான். அடுக்குற வேல மத்தியானம்தான் தொடங்கும். மூணாவத மட்டும் நீ வாயால சொல்லிடு.”

“டீ டீயா வரட்டும்னு சொன்னீங்களே, பாய்.”

“சொன்னேன். தப்புதான். இப்ப கேக்குறேன்ல? ரெண்டு உசிரு விஷயம்ப்பா.”

“பஸ்ஸு வந்துடுச்சு பாருங்க,” என்றேன். “நீங்க போயிட்டு வாங்க.”

அவர் ஏறிவிட்டார். சொல்கிறேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இதை ஐயா குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் மன்னிப்புக் கேட்டார், மறுக்கவில்லை. ஆனால் எங்கே கேட்டார்? நடுரோட்டில், ஒரு மாட்டுவண்டியும் நானும் இருக்கும்போது. அவமானத்தை அறுபது பேருக்கு முன்னால் கொடுத்துவிட்டு மரியாதையை ரோட்டோரத்தில் திருப்பிக் கொடுத்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? நியாயமாக யோசித்தேன். பழமலையும் தங்கம்மாளும் உள்ளே இறங்கினால் தலை சுற்றும், வாந்தி எடுப்பார்கள், தண்ணீர் தெளித்தால் எழுந்துகொள்வார்கள். முன்பு ஒருமுறை அப்படி நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு போர்டு எதற்கு உதவியது என்று ஊரே கேட்கும். பாய் கூட்டத்தில் எழுந்து நின்று, கொளஞ்சியப்பன் வாயால் சொன்னால்தான் சேதி என்பார். என் ஆசை அவ்வளவுதான்.

அதனால் நான் செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். என்னை வாயை மூடு என்று சொல்லாதவர்கள் இந்த ஊரில் இல்லை.

போர்டு விஷயம் ஒன்று இருக்கிறது. மத்தியானம் இரண்டரை மணிக்கு நான் டீ கொண்டுபோனபோது மூன்று வரியும் பளிச்சென்று இருந்தன. யாராவது மேஸ்திரி வந்து படித்துத் தொலைத்தால் என் யோசனை வீணாகிவிடும். கேன் துடைக்கும் ஈரத்துணி தோளில் இருந்தது. மூன்றாவது வரியை மட்டும் துடைத்தேன். மற்ற இரண்டையும் தொடவில்லை. லீவு விஷயத்தில் நான் யாருக்கும் கெடுதல் நினைப்பவன் இல்லை. பாய் எச்சரிக்கவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்திருப்பது அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான். அதைத்தான் திருத்த வந்தேன்.

பழமலை எனக்கு முதுகைக் காட்டிச் சூளை வாசலில் ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தான், திரும்பினான். எழுத்து தெரியாதவன்தான், ஆனால் எண்ணத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“காலையில மூணு வரி இருந்துது. இப்ப ரெண்டுதான் இருக்குது. என்னா சேதி, கொளஞ்சி?”

மூன்று மாசத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து ஒருவன் கேட்கிறான். என்னா சேதி.

“அது ஒண்ணுமில்ல. தகடு ஓட்டையா இருந்துது. மாத்தியாச்சு. அதான் பாயே அழிச்சுட்டுப் போயிட்டாரு.”

“நெசமாவா?”

“நான் என்னிக்குடா பொய் சொன்னேன்?”

தங்கம்மாள் சிரித்தாள். “அத நீயே கேக்குறியா, அண்ணே?” என்றபடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். பழமலையும் போனான். இரண்டு கிளாஸ் டீயைச் சூளை வாசலில் வைத்துவிட்டு நான் பைப்பு கம்பெனிக்குப் போனேன்.

கிளாஸ் எடுக்க மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தேன். இரண்டும் வைத்தபடியே இருந்தன, மேலே ஆடை கட்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பழமலை ஜாடி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அசையவில்லை. தங்கம்மாள் தரையில் கிடந்தாள். அவள் கை ஒரு ஜாடியில் லேசாக உரசிக்கொண்டிருந்தது, கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. நின்று கேட்டேன், இரண்டு மூன்று தரம் கேட்டது.

ஒன்றாம் சூளை பதினைந்து எட்டுத் தூரம். விருத்தகிரி அங்கேதான் கரி போட்டுக்கொண்டிருந்தான். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்திருப்பான். எனக்கும் தோன்றியது. ஆனால் நாலு மணிக்குக் கூட்டம் என்பதும் தோன்றியது. இவ்வளவு பெரிய சேதியை ஒற்றை ஆளிடம் அரையும் குறையுமாகக் கத்திவிட்டால், அதை அவன் கொண்டுபோய் அவன் சேதியாகச் சொல்லிவிடுவான். சைக்கிளை எடுத்தேன். கப்பு சாசர் கம்பெனிக்குப் பத்து நிமிஷம். வேகமாக மிதிக்கவில்லை, சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டு போனேன்.

பாய் கடலூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். அறுபது பேரும் இருந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கவிழ்த்துப்போட்ட ஜாடிமேல் ஏறி நின்றேன். பாய் எழுதிய போர்டிலிருந்து ஆரம்பித்தேன், தகட்டுக்கு வந்தேன், ஆடிக் காற்றுக்கு வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படி என்னை யாரும் என்றைக்கும் கேட்டதில்லை. உள்ளே இரண்டு பேர் கிடக்கிறார்கள் என்ற இடத்தில் பாய் முதலில் ஓடினார், பின்னாலேயே எல்லாரும் ஓடிவிட்டார்கள்.

பாதியில் எழுந்து போனார்கள் என்பதுதான், ஐயா, எனக்கு இன்றைக்கும் வருத்தம். வளையல் சத்தத்துக்கு நான் இன்னும் வரவே இல்லை.