சாக்குக்குச் சிரித்த சனம்

எனக்குப் பாரை மீன் குழம்பு இருந்தால் போதும், ஐயா. வேறு கறி தேவையில்லை. மரியகொறற்றி அக்கா வைக்கிற மாதிரிக் கொட்டாஞ்சேனையில் வேறு யாருக்கும் வராது. நேற்று மத்தியானமும் அவர் வீட்டில் அதைத்தான் சாப்பிட்டேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்தச் சாப்பாட்டில்தான் வந்து முடியும். ஆறுதலாகச் சொல்கிறேன்.

அக்காவின் புருஷன் சவுந்தரநாயகம் அண்ணை எங்கள் தெருவுக்கு, அந்த ஒழுங்கை முழுவதுக்கும், பெரியவர். கப்பலில் வருகிற விஸ்கியும் சிகரட்டும் அவர் சொல்லாமல் துறைமுகத்தை விட்டு வெளியே வராது. நான் அவருடைய ஆள். பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து என் இடது காலில் இரண்டு விரல் போன அன்று, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். அப்படி ஒரு ஆள். உழைத்ததில் பாதியை யார் யாருடைய செத்தவீட்டுக்கோ கொடுத்துவிட்டு, சவப்பெட்டியடியில் நின்று மூக்கைச் சிந்துவார். வழியில் காண்கிறவனையெல்லாம் "சாப்பிட்டனியோ?" என்று கேட்பார். கடத்தல்காரனுக்கு ஏன் இந்த வேலை?

சண்டை முற்ற முற்ற, வெள்ளவத்தை லொட்ஜ்களெல்லாம் யாழ்ப்பாணத்துப் பெடியளால் நிரம்பின. வெளிநாடு போகக் காத்துக் கிடந்தவர்கள். காக்கிச் சட்டையைக் கண்டாலே வேர்த்துக் கொட்டும். அவர்களைப் பாதுகாப்பதாகச் சொல்லி மாதாமாதம் ஏதாவது வாங்கலாம் என்று அண்ணையிடம் சொன்னேன். நாலு பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார்.

"பயந்து ஓடிவந்த பிள்ளையளிட்டயோடா கை நீட்டுறது? இன்னொருக்கா இந்தக் கதை கதைச்சால் என்ர முகத்தில முழிக்காத."

அந்த நாலு பேரும் சிரித்தார்கள். மறுநாளே அண்ணை ஒன்றும் நடக்காததுபோல என் தோளில் கை போட்டார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் இருக்கும்வரை நான் அவருடைய ஆள்தான் என்று அன்றைக்கு விளங்கியது.

பிறகு ஒரு சோதனைச் சாவடியில் என்னையும் பிடித்தார்கள். அங்கிருந்த அலுவலர் நல்ல மனுஷன், அடிக்கவில்லை. "மல்லி, நீ தலையை ஆட்டினால் காணும்" என்று, தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி, சிங்களத்தில் சொன்னார். தலையாட்டி என்று எங்கள் சனம் சொல்லும் உத்தியோகம். தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, ஜீப்பில் இருத்துவார்கள். தெருவைச் சுற்றிவளைத்துப் பிடித்த ஆண்கள் ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள். தலையை ஆட்டினால் அந்த ஆளை ஏற்றுவார்கள்.

முதலில் தெஹிவளையில் இருந்தேன். பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் வரிசை நகரத் தொடங்கியதும் பயம் போய்விட்டது. எஞ்சினியர், வாத்தியார், கடை முதலாளி என்று எல்லாரும் வந்து நின்று சிரித்தார்கள். ஒருவர் கும்பிட்டார். உள்ளே யார் என்றே தெரியாமல் ஒரு சாக்குக்குப் பல்லைக் காட்டிய சனம், ஐயா. இதுகளுக்காகவா அண்ணை அழுதார் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

கொட்டாஞ்சேனையை நானே கேட்டு வாங்கினேன். அன்றைக்கு நுகேகொடையில் வேலை என்று ஒழுங்கையில் சொல்லி வைத்தேன்.

அண்ணை வரிசையில் வந்தார். அவர் சிரிக்கவில்லை. சாக்கைப் பார்க்காமல் கீழே பார்த்தார். சாக்கு இடுப்புவரைதான், ஜீப் கதவு திறந்து கிடந்தது, என் காலில் வெறும் செருப்பு. அதை மறைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. விரல் இல்லாத அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெயரைச் சொல்லிக் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் ஒழுங்கை என்னைக் கிழித்திருக்கும். அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்க, "சாப்பிட்டனியோடா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அலுவலருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று இன்னொருமுறையும் ஆட்டினேன்.

பொழுதுபட முன்னமே அலுவலர் அண்ணையின் கைக்கடிகாரத்தை என்னிடம் தந்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடிகாரத்தை விற்றுவிட்டேன், பிந்தி ஓடுகிற சாமான்.

அக்காவை முகாம் முகாமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தது நான்தான். வாசலில் நின்று கதைத்ததும் நான்தான். அதைப் பார்த்து ஒழுங்கை என்னிடம் வந்தது, துறைமுகம் வந்தது, லொட்ஜ்களும் வந்தன. காசு கொடுத்த பெடியள் பிளேன் ஏறினார்கள். கொடாதவர்களுக்காக மறுபடியும் சாக்குக்குள் போனேன். அவர்களின் தாய்மார் என்னிடமே வந்து அழுதார்கள், என்னையே அண்ணை என்றார்கள். சாக்கு இல்லாத முகத்துக்கும் அதே சிரிப்புத்தான்.

அக்காவுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் நின்று, புருஷன் குனிந்து எதையோ சொன்னதைக் கண்டிருக்கிறார். "அந்தச் சாக்கிட்ட அவர் என்ன சொன்னவர், ஹியூபேட்?" என்று வருஷக்கணக்காகக் கேட்டார். நுகேகொடையில் நின்ற எனக்கு எப்படித் தெரியும் என்பேன்.

நேற்று நல்ல வெயில். பசியோடு உள்ளே போனேன். அக்கா குசினியிலிருந்தே "சாப்பிட்டனியோ?" என்றார்.

"அண்ணையும் கடைசியா இதைத்தான் கேட்டவர்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அகப்பை நின்றது. பிறகு அக்கா சோற்றைப் போட்டார், மீனின் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார், தண்ணீர் வார்த்தார். நான் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை எதிரில் நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, காணாமற்போனவர்களை விசாரிக்க வந்திருக்கிற உங்களிடம் நடந்தார். விளங்கிய பிறகும், நான் சாப்பிட்டு எழும்பும்வரை பொறுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தின் பலவீனமே அதுதான்.

கையெழுத்துப் போடுகிறேன், தாருங்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஐயா. விடிந்ததிலிருந்து இந்தக் கதிரையில் இருக்கிறேன். இவ்வளவு கேட்டீர்கள், சாப்பிட்டாயா என்று மட்டும் உங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.