டிபன் பெட்டியில் இருந்த விரல்

என் பெயர் முத்துக்கண்ணன், வயது 36, தகப்பனார் பெயர் தண்டாயுதபாணி. கண்டரமாணிக்கத்தில் குடியிருக்கிறேன். வயரிங் வேலை பார்த்தபோது மின்சாரம் தாக்கி இரண்டு கைகளிலும் எல்லா விரல்களையும் இழந்தேன். என் மனைவி கீர்த்தி காரைக்குடி அருகே ஒரு பிளாஸ்டிக் நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

என் வலது கையில் மாட்டும் பிளாஸ்டிக் விரலுக்குச் செல்போன் மசியாது. வெறும் கையால் தொட்டால் நாலு எழுத்து ஒன்றாக விழும். யாரை அழைப்பதென்றாலும் அவள் வரவேண்டும். "பிளாஸ்டிக்குல எங்குட்டுக் கரண்டு போகும்?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "போற பிளாஸ்டிக்கும் இருக்கு, நாங்க அதைத்தான் செய்யுறோம்" என்றாள். செய்து தா என்று கேட்டது நான்தான்.

அதன் பிறகு அவள் சொல்லித் தெரிந்துகொண்டது: அனிலின் என்ற திரவத்தை அமிலத்தில் கரைத்து, ஐஸில் குளிரவைத்து, வேறொரு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலமாகி, பின் கரும்பச்சையாகத் திரளும். அதை வடிகட்டி உலர்த்திய பொடியில் கொஞ்சம் கொண்டுவந்து, பிசினில் குழைத்து, விரல் நுனியிலிருந்து என் உள்ளங்கைத் தோலைத் தொடும்வரை பூசினாள். தொட்டதும் போன் சொன்னபடி கேட்டது. முதலில் அவளைத்தான் அழைத்தேன். அடுப்படியில் நின்றே எடுத்தவள் அழுதாள். நானும் அழுதேன்.

நேற்று ஒரு பழைய வீட்டில் புதிதாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அப்படிப்பட்ட சுவரைக் கண்டால் வழவழப்பைத் தடவிப் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் நகரமாட்டோம். ஈரத்தில் தடவினேன். விரலில் இருந்த பச்சைப் பூச்சு நீலமானது, போன் கேட்கவில்லை. வீட்டில் கீர்த்தியிடம் காட்டினேன். "சுண்ணாம்பைத் தொட்டீகளா? அது அமிலத்தை முறிச்சுருச்சு. திரும்ப அமிலத்துல முக்குனாச் சரியாயிரும், கழட்டுங்க" என்று, வேலைக்கு எடுத்துப்போக விரலை டிபன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

இன்று காலை நிறுவன வாசலில் காவலாளி பெட்டியைத் திறந்து, நிஜ விரல் என்று அலறி, போலீசைக் கூப்பிட்டுவிட்டார். பாவம், அவரைக் குறை சொல்லமாட்டேன். விஷயம் தெரிந்த பின் மேலாளர், பொடியைக் கேட்காமல் எடுத்ததாகப் புகார் கொடுத்தார். அதற்காக அவளை இங்கே காவல் நிலையத்தில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

எடுத்தது குற்றமென்றால் எடுக்கச் சொன்ன என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். விரலை வழக்குச் சொத்தாக நீங்களே வைத்துக்கொண்டாலும் சரி. அவளை என்னோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எனக்குக் கை அவள்தான்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கையெழுத்திட விரல் இல்லாததால் இடது கால் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.