டிக்கிக்குள் ஒரு பட்டன்

கோமளா: அப்ப முன்லைட்டு ரெண்டும் மேல எந்திரிக்கலீன்னா?

திருமூர்த்தி: பானெட்டைத் தூக்குனா லைட்டு மோட்டார் தலையில ஒரு திருகு இருக்குதுங்கம்மா. ரப்பர் மூடியைக் கழட்டிப்போட்டு கையிலயே திருகுனாப் போதும், லைட்டு மேல வந்துரும். இது என்னையாட்ட மெக்கானிக்குலயே பாதிப்பேருக்குத் தெரியாதுங்க.

கோமளா: ம்... அப்பறம்?

திருமூர்த்தி: ஓட்டிட்டு வந்தொடனே சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாதுங்க. டர்போ இருக்குதுல்லீங்க... ஒரு நிமிசம் சும்மா ஓட வுடோணும். இல்லீன்னா உள்ள ஆயில் கருகிப்போயிரும். அப்பறம் ஸ்டெப்னி... சைக்கிள் டயராட்டம் மெலிசா இருக்குமுங்க. அதை மாட்டிட்டு அம்பதுக்கு மேல போகக் கூடாது. இந்த மடக்குக் கூரைக்கு, சீட்டுக்குப் பின்னாடி தண்ணி வடியறதுக்கு ரெண்டு ஓட்டை. வேப்பஞ்சருகு போய் அடைச்சுக்கும். மழைக்கு முன்னால ஒரு கம்பியை வுட்டு... ஏனுங்கம்மா, கேக்கறீங்களா?

கோமளா: கேக்கறேன், கேக்கறேன். சொல்லுங்க.

திருமூர்த்தி: தொண்ணூத்தஞ்சு மாடல் சீமை வண்டி, கப்பல்ல வந்து பத்து மாசமா உங்கூட்டுல நிக்குது. ஒரு நாளும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதவீங்க... இன்னிக்குக் காலங்காத்தால உங்கண்ணன் மில்லுல, கொப்பரைக் குடோனுக்குள்ள வந்து வண்டிப்பாடம் படிக்கறீங்களே!

கோமளா: சிரிக்காதீங்க திருமூர்த்தி. மணி என்ன?

திருமூர்த்தி: ஏழரைங்க. எட்டு மணிக்குத்தானுங்களே போட்டி.

கோமளா: வெளியில எல்லாரும் வந்துட்டாங்களா?

திருமூர்த்தி: கேட்டுல இருந்து ரோடு வரைக்கும் உங்க சொந்தக்காரங்கதானுங்க. உங்கண்ணன் சென்னகேசவன் அவரு வண்டிக்கு மாலையே போட்டுட்டாருங்க.

கோமளா: எங்கண்ணனுக்கு வாய்க்கொழுப்பு. போத்தனூர்க் கல்யாணத்துல, பந்தியில வெச்சு, 'மாப்ளே, உங்க சிவப்பு வண்டி மண்டப வாசல்ல நிறுத்தறதுக்குத்தான் லாயக்கு'ன்னு சொல்லிப்போட்டாரு. எங்கூட்டுக்காரரும் சும்மா இருக்கறாரா? மீசையை முறுக்கிட்டு, 'காங்கேயத்துல இருந்து தாராபுரம் பாலம் வரைக்கும் வா, பாத்துக்கலாம்'னு...

திருமூர்த்தி: ஆம்பளைங்க பேச்சுதானுங்களே...

கோமளா: பேச்சா? எதுக்க வர்ற பஸ்ஸுக்கு இது போட்டின்னு யாரு போய்ச் சொல்றது? தை மாசம் இதே ரோட்டுல நானும் கூடத்தான இருந்தேன். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு சாண்தான். அன்னீல இருந்து இவருக்குச் சாப்புடறப்பக்கூட கை நடுங்குது. கேட்டா குளிருதுங்கறாரு. சித்திரையில என்ன குளிரு?

திருமூர்த்தி: அய்யாகிட்டச் சொல்லிப் பாத்தீங்களா?

கோமளா: போகாதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். 'உங்கண்ணன் முன்னாடி என்னையத் தலைகுனிய வெக்கறயா'ன்னு ரெண்டு நாள் எங்கூடப் பேசல.

திருமூர்த்தி: வெசனப்படாதீங்கம்மா. இன்னிக்கு ஒண்ணும் ஆவாதுங்க.

கோமளா: அதை எப்படி அத்தனை உறுதியாச் சொல்றீங்க?

திருமூர்த்தி: அது... சாமி பாத்துக்குமுங்க.

கோமளா: சாமியை எதுக்குத் தொந்தரவு பண்ணிட்டு... நானே பாத்துட்டேன்.

திருமூர்த்தி: என்னத்தைங்க?

கோமளா: யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம்?

திருமூர்த்தி: சத்தியமுங்க... எனக்கே பயமா இருக்குதுங்கம்மா. சொல்லிப்போடுங்க.

கோமளா: வண்டியோட வந்த புஸ்தகத்தை ஒரு வாரமாப் பொரட்டுனேன். டிக்கியில, இடது ஓரமா, கார்ப்பெட்டுக்கு அடியில ஒரு பட்டன். பெட்ரோலை நிறுத்தற பட்டன்னு படம் போட்டிருந்துச்சு. விடிகாலையில, அண்ணன் வீட்டுல இவரு தலகாணிக்கடியில இருந்த சாவியை எடுத்துட்டு இங்க வந்து அமுக்கிப்போட்டேன். சாவியைத் திருப்பி வெச்சும் போட்டேன். இனி வண்டி ஓடாது. மிசினு கோளாறுன்னா யாருக்கும் அவமானமில்ல, பாருங்க.

திருமூர்த்தி: அமுக்குனீங்களா!

கோமளா: மெதுவாப் பேசுங்க!

திருமூர்த்தி: அந்தப் பட்டன்... மேல எந்திரிச்சு நின்னுச்சுங்களா, உள்ள படிஞ்சிருந்துச்சுங்களா?

கோமளா: நின்னுட்டுத்தான் இருந்துச்சு. அமுக்குனதும் டக்குன்னு உள்ள போச்சு.

திருமூர்த்தி: அய்யோ கடவுளே...

கோமளா: என்னாச்சு? ஏனுங்க, சொல்லுங்க!

திருமூர்த்தி: அது மேல நின்னாத்தானுங்கம்மா பெட்ரோல் நிக்கும், கெளப்புனாலும் ரெண்டு செகண்டுல அணைஞ்சுரும்! வண்டி எங்காச்சும் மோதுனா தீப்புடிக்காம இருக்கறதுக்கு, தானா மேல எந்திரிச்சுக்கும். மறுக்கா ஓட்டோணும்னாத்தான் அமுக்கறது. நின்னுட்டிருந்த பெட்ரோலை நீங்க... தொறந்து வுட்டுட்டீங்க.

கோமளா: அப்ப அது முன்னாடியே எதுக்கு மேல நின்னுச்சு?

திருமூர்த்தி: குழியில... எங்காச்சும் குழியில எறங்கி அடிச்சிருக்குமுங்க.

கோமளா: நேத்து வண்டி தானா ஓடித்தான இங்க வந்து நின்னுச்சு?

திருமூர்த்தி: அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க! ஸ்க்ரூடிரைவர் பிடியில ஒரு தட்டுத் தட்டுனா மறுக்கா எந்திரிச்சுக்கும். டிக்கியைத் தொறக்கோணும்... சாவி?

கோமளா: அவருகிட்டத்தான்!

ரங்கராஜ்: யாரு, கோமளாவா? என்னையக் காப்பிக்கடையில வுட்டுட்டு இங்க என்ன பண்றே?

கோமளா: சும்மா... வண்டியைப் பத்தி ரெண்டு விசயம் கேட்டுட்டு இருந்தேனுங்க.

ரங்கராஜ்: நல்ல நேரம் பாத்தே போ. தள்ளி நில்லு. திருமூர்த்தி, எல்லாம்... சொன்னபடி இருக்குதா?

திருமூர்த்தி: அய்யா, ஒரு நிமிசமுங்க. சாவியைக் குடுங்க, டிக்கியைக் கொஞ்சம்...

ரங்கராஜ்: இப்ப என்னப்பா டிக்கி? அத்தனை பேரும் பாக்கறாங்க. மச்சான்! நல்லாப் பாத்துக்க, கெளப்பறேன்!

கோமளா: கெளம்பிருச்சு...

ரங்கராஜ்: கெளம்பும், கெளம்பும். இன்னும் ரெண்டு செகண்டு... இப்ப... இப்ப... ஏப்பா திருமூர்த்தி, நிக்கலையே?

திருமூர்த்தி: நிக்காதுங்கய்யா.

ரங்கராஜ்: நிக்காதா?

கோமளா: எதுங்க நிக்கோணும்?

ரங்கராஜ்: ஒண்ணுமில்ல. நீ போ. கதவைச் சாத்து... சாத்துன்னா!

கோமளா: ஏனுங்க, கியர் மேல இருக்கற கையைப் பாருங்க. வேண்டாமுங்க...

ரங்கராஜ்: குளிருது... அவ்வளவுதான்.

கோமளா: அய்யோ... அம்மா... நெஞ்சு...

ரங்கராஜ்: கோமளா!

திருமூர்த்தி: அம்மா! சீட்டுல உக்காருங்க... காலை உள்ள வெய்யுங்க...

கோமளா: இடது பக்கம் இழுக்குதுங்க... மூச்சு வுட முடியல...

ரங்கராஜ்: மச்சான்! போட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! உந்தங்கச்சிக்கு நெஞ்சுவலி! வழியை வுடச் சொல்லு! திருமூர்த்தி, அந்தக் கதவைச் சாத்து!

கோமளா: மெதுவா... மெதுவாப் போங்க.

ரங்கராஜ்: இதா ஆஸ்பத்திரி வந்துரும். கண்ணை மூடாத கோமளா. பேசு. என்னமாச்சும் பேசு.

கோமளா: மில்லு மறைஞ்சிருச்சுங்களா?

ரங்கராஜ்: என்னது?

கோமளா: பின்னாடி பாருங்க. அண்ணன் வாராரா?

ரங்கராஜ்: இன்னும் காணோம்... எதுக்கு?

கோமளா: அந்தப் புளியமரத்தடியில ஓரங்கட்டுங்க. எனக்கு ஒரு வலியும் இல்ல.

ரங்கராஜ்: கோமளா...! என் ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு!

கோமளா: திட்டுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க. விடிகாலையில சாவியைத் திருடிட்டுப் போய் டிக்கிக்குள்ள இருந்த பட்டனை அமுக்குனதும் நான்தான். வண்டி நின்னு போயிரும்னு நெனச்சேன்... அது ஏடாகூடமாப் போச்சு.

ரங்கராஜ்: நீ... நீ அமுக்குனயா?

கோமளா: பயமா இருந்துச்சுங்க. ஒரு வாரமாத் தூக்கமில்ல. நீங்க கோவிச்சுட்டாலும் பரவாயில்ல, உசுரோட இருந்தாப் போதும்னுதான்... ஏனுங்க, எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? ஏனுங்க... அழுகறீங்களா?

ரங்கராஜ்: வண்டி ஓடாம நின்னு போகட்டும்னு, அந்தப் பட்டனை நேத்துச் சாயங்காலம் திருமூர்த்திகிட்ட மேல தூக்கிவெக்கச் சொன்னதே நான்தான் கோமளா... தை மாசத்துல வந்த அந்தப் பஸ்ஸை நெனச்சா எனக்கு ஸ்டீரிங்கையே புடிக்க முடியல.