மகளின் கண்ணில் பட்ட சுண்ணாம்பு

பெயர் தர்மலிங்கம் பூவம்மா. வயது 46. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பிரிவு லயத்தில், வரிசை வீடொன்றில் வசிக்கிறேன். தொழில் கொழுந்து பறித்தல்.

என் மகள் லக்ஷனாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருப்பதால் அட்டை விட்டுச் சிகிச்சை செய்யப் போவதாகச் சொன்னாள். "அடி ஆத்தே! அட்டை கடிக்கக் கூடாதுன்னு நாங்க மலையில படாத பாடு படுறோம், நீ காசு குடுத்துக் கடி வாங்கப் போறியா?" என்று ஏசினேன். கேட்கவில்லை. ஆகவே கடந்த சனிக்கிழமை நானும் அவளுடன் பதுளை நகரிலுள்ள அழகுநிலையத்துக்குச் சென்றேன். அதை நடத்துபவர் ஷஹீலா.

அவர் மகளைப் படுக்க வைத்து, போத்தலிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துக் கண்களுக்குக் கீழே விட்டார். அதன் பின்னர் தொலைபேசி அழைப்பு வந்ததால் அடுத்த அறைக்குப் போனார். அட்டை விட்ட இடத்திலேயே இருக்குமா? வலது பக்கத்து அட்டை நகர்ந்து கீழ் இமையின் உட்பக்கம் கடித்தது. மகள் அலறினாள். ஷஹீலா ஓடிவந்து, "அல்லாஹ், இப்ப என்ன செய்றது?" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அட்டையை வைத்துத் தொழில் செய்கிறவருக்கு அதை எடுக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மலையில் அட்டை ஏறினால் நாங்கள் சுண்ணாம்பு தடவுவோம், உடனே விழுந்துவிடும். என் வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு இருந்தது. யோசிக்கவில்லை. விரலில் எடுத்து அட்டையின் மேல் வைத்தேன். அட்டை விழுந்தது. மகள் கண்ணைக் கசக்கினாள். அதன் பின்னர் கண்ணைத் திறக்க முடியாமல் துடித்தாள். முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம்.

அட்டை கடித்த காயம் ஆறிவிடும் என்றும், சுண்ணாம்பு கருவிழியைச் சுட்டுவிட்டது என்றும், அந்தக் கண்ணில் பார்வை திரும்புவது சந்தேகம் என்றும் டொக்டர் என்னிடம் சொன்னார். சுண்ணாம்பு வைத்தது ஷஹீலா என்று பொலிஸில் சொல்லும்படி என் கணவரின் தம்பி சொன்னார். மாட்டேன். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் அட்டையை விட்டுவிட்டுப் போனது அவர் குற்றம், அதை எழுதுங்கள். சுண்ணாம்பு என் விரலால் பட்டது, அதையும் எழுதுங்கள்.

மகளுக்கு இன்னும் தெரியாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அம்மா மட்டும் இல்லேன்னா அட்டை கண்ணுக்குள்ளயே போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மேலே உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடியே நான் சொன்னது. எழுதிக்கொண்ட சார்ஜன்ட் அதை எனக்கு வாசித்துக் காட்டினார், சரி என்றேன். "சேர், இத நீங்களே மக கிட்டயும் வாசிச்சுக் காட்டிருங்க, என்னால முடியாது" என்று கேட்டேன். அது பொலிஸின் வேலை அல்ல என்றார். கையொப்பமிடுகிறேன்.

த. பூவம்மா